மக்காச்சோளம்: வீரிய ஒட்டா, சாதா ரகமா?

ஒரு சென்ட் நிலத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்

புரட்டாசிப் பட்டத்துக்கு நிலத்தை உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கும் மானாவாரி விவசாயியானாலும், தைப் பட்டத்தில் கிணற்று நீரை நம்பி மக்காச்சோளம் போடும் விவசாயியானாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதையை வாங்கிப் போடுவதா? சென்ற போகத்துக் கதிரிலிருந்து விதை எடுத்துப் போடக்கூடிய சாதா ரகத்தைப் போடுவதா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளிலும், உடுமலைப் பகுதித் தோட்டங்களிலும் இன்று வீரிய ஒட்டு மக்காச்சோளமே பெரும்பாலும் விளைகிறது. விளைந்த தானியத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. வீரிய ஒட்டு கூடுதல் விளைச்சல் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடுதல் விளைச்சல் வேறு, கையில் மிஞ்சும் பணம் வேறு. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிச் செலவிடும் சிறு விவசாயி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காற்றில் கலக்கும் பயிர்

நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும். மக்காச்சோளம் அப்படியல்ல. செடியின் உச்சியில் ஆண் பூவும், நடுத்தண்டில் கதிரும் தனித்தனியே இருக்கின்றன. ஆண் பூ முதலில் மலர்ந்து மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கும். ஓரிரு நாள் கழித்துக் கதிரின் நுனியில் பட்டுப் போன்ற இழைகள் வெளிவரும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு மணி. இழையில் மகரந்தம் விழாவிட்டால் அந்த இடத்தில் மணி பிடிக்காது, கதிர் பொக்கையாகும்.

காற்று சுமந்து வரும் மகரந்தம் என்பதால், ஒரு கதிரில் உள்ள மணிகளில் 100க்கு 95 வரை பக்கத்துச் செடிகளின் மகரந்தத்தால் உண்டானவையாக இருக்கும். இவ்வாறு தாமாகவே கலந்து, தலைமுறை தலைமுறையாக ஒரே குணத்துடன் வருபவையே சாதா ரகங்கள். ஒரு வயலில் உள்ள செடிகள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டிருந்தாலும், மொத்த வயலின் குணம் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாது. நல்ல குணமுள்ள பல வகைகளை ஒன்றாகக் கலந்து உருவாக்கிய கலவை ரகங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 இதற்கு எடுத்துக்காட்டு.

வீரிய ஒட்டு பிறக்கும் விதம்

மக்காச்சோளச் செடியை அதன் மகரந்தத்தைக் கொண்டே பல தலைமுறை மணி பிடிக்கச் செய்தால் செடி குட்டையாகும், கதிர் சிறுக்கும், விளைச்சல் வெகுவாகக் குறையும். ஆனால் எல்லாச் செடிகளும் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருக்கும். இவற்றுக்குத் தன்வழி வகைகள் என்று பெயர். இத்தகைய இரண்டு நோஞ்சான் வகைகளை ஒட்டுச் சேர்த்தால், பிறக்கும் விதை பெற்றோர் இரண்டையும் வெகுதூரம் மிஞ்சி வளரும். இதைத்தான் வீரியம் என்கிறோம். அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஷல் 1908, 1909ஆம் ஆண்டுகளில் இந்த வழியை விளக்கினார்.

பெற்றோர் வகைகள் நோஞ்சானாக இருந்ததால் விதை மிகக் குறைவாகவே கிடைத்தது, விலை கட்டவில்லை. நான்கு வகைகளைச் சேர்க்கும் இரட்டை ஒட்டு முறையை டொனால்டு ஜோன்ஸ் கண்டறிந்த பிறகே விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையில் விதை உண்டாக்க முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டைக் காண்பதே அரிது. அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ வயல் முழுவதும் வீரிய ஒட்டாகிவிட்டது. 1934, 1936ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் சாதா ரகங்கள் சாய்ந்து கிடந்தபோது வீரிய ஒட்டு வயல்கள் நின்றதை அங்குள்ள விவசாயிகள் கண்ணால் பார்த்ததும் இதற்கு ஒரு காரணம்.

இந்தியாவில் 1957இல் அகில இந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய வீரிய ஒட்டுகள் வெளிவந்தன. ஆனால் ஆண்டுதோறும் போதிய ஒட்டு விதையை உண்டாக்கிச் சிறு விவசாயியிடம் சேர்ப்பது எளிதாக இல்லை. அதனால் 1967இல் விஜய், கிசான், ஜவஹர், சோனா முதலிய கலவை ரகங்களும் வெளியிடப்பட்டன. ஒரு முறை வாங்கினால் சில ஆண்டுகள் விதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவற்றின் நோக்கம். பின்னர் இரண்டே வகைகளைச் சேர்க்கும் ஒற்றை ஒட்டுகள் வந்தன. இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் இவைதான். பல்கலைக்கழகத்தின் கோ எச் (எம்) 6, கோ எச் (எம்) 8 ஆகியவை வீரிய ஒட்டுகளே.

வளர்ச்சியில் காணும் வேறுபாடு

அடுத்தடுத்த வயல்களில் இரண்டையும் விதைத்தால் முளைத்த சில நாட்களிலேயே வேறுபாடு தெரியும். ஒற்றை ஒட்டு வயலில் நாற்றுகள் ஒரே சீராக எழும். ஒரே உயரம், கதிர் விடும் கணுவும் ஏறத்தாழ ஒரே மட்டம், சில நாட்களுக்குள் வயல் முழுவதும் பூத்துவிடும். அறுவடையும் ஒரே முறையில் முடியும். இயந்திரம் கொண்டு அறுப்பவருக்கு இந்தச் சீர் பெரிய வசதி.

சாதா ரகத்தில் செடிக்குச் செடி உயரம் மாறும். பூக்கும் நாளும் முன்பின்னாக இருக்கும். உயரமாக வளரும் ரகங்களில், கதிர் மேல்கணுவில் அமைந்திருந்தால் காற்றுக்குச் செடி சாயும் அபாயம் அதிகம். கதிர்களும் சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஆனால் இந்த ஏற்றத்தாழ்விலும் ஒரு நன்மை உண்டு. பூக்கும் சமயத்தில் பத்து நாள் மழை பொய்த்தால், ஒரே நாளில் பூக்கும் வயல் முழுவதும் அடிபடும். முன்பின்னாகப் பூக்கும் வயலில் ஒரு பகுதியாவது தப்பும்.

மக்காச்சோளத்துக்குப் பூக்கும் தருணமே உயிர்நாடி. அப்போது ஈரம் குறைந்தால் ஆண் பூ தன் நேரத்தில் மலர்ந்துவிடும்; கதிரின் பட்டு இழைகள் மட்டும் பிந்தி வரும். இழை வெளிவரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். ஆகவே இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது என்று கவனிக்க வேண்டும். இந்த இடைவெளி குறைவாக இருக்கும் ரகமே வறட்சியைத் தாங்கும் ரகம். வீரிய ஒட்டுகளிலும் வறட்சியைத் தாங்குபவை உண்டு, தாங்காதவையும் உண்டு. வறட்சி என்றாலே சாதா ரகம்தான் வெல்லும் என்று நினைப்பதும் தவறு.

சீராக இருப்பதில் வேறோர் ஆபத்தும் உள்ளது. 1970இல் அமெரிக்காவில் பெரும்பாலான வயல்களில் இருந்த வீரிய ஒட்டுகள் எல்லாம் ஒரே வகைத் தாய்ச் செடியின் வழி வந்தவையாக இருந்தன. அந்த வகையைத் தாக்கும் ஒரு வகை இலைக் கருகல் நோய் பரவியபோது, அந்நாட்டு மக்காச்சோள விளைச்சலில் 100க்கு 15 பங்கு அழிந்தது. ஊர் முழுவதும் ஒரே ஒட்டைப் போடாமல் இரண்டு மூன்று ஒட்டுகளைப் பிரித்துப் போடுவது நல்லது என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இரண்டையும் தின்னும். சாதா ரகமாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. முளைத்த இரண்டாம் வாரம் முதல் குருத்தைப் பிரித்துப் பார்த்துவர வேண்டும். அடிச்சாம்பல் நோய் வரும் பகுதிகளில், எந்த விதையானாலும் அந்த நோயைத் தாங்குமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

விளைச்சல் எங்கிருந்து வருகிறது?

வீரிய ஒட்டில் கதிர் பெரிதாக இருப்பதால்தான் விளைச்சல் கூடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். தனித்து நிற்கும் ஒரு செடியைப் பார்த்தால் பழைய ஒட்டுக்கும் புதிய ஒட்டுக்கும் அவ்வளவு வேறுபாடு இல்லை. செடிகளை நெருக்கி வைத்தாலும் ஒவ்வொரு செடியும் கதிர் விடுவதே புதிய ஒட்டுகளின் சிறப்பு. சாதா ரகத்தை அதிகம் நெருக்கினால் பல செடிகள் கதிர் இல்லாமல் மலட்டுச் செடிகளாக நின்றுவிடும்.

எனவே வீரிய ஒட்டு விதையை வாங்கிவிட்டுச் செடிகளின் எண்ணிக்கையில் கோட்டைவிட்டால் பயனில்லை. இறவையில் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள் நிற்க வேண்டும். இதற்கு 8 கிலோ விதை போதும். பாடுவாசி இருந்தால் ஒரு வாரத்துக்குள் நிரப்ப வேண்டும்.

அடுத்தது உரம். ஒரு டன் தானியம் விளைய, பயிர் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்று டன் விளைய வேண்டுமானால் 60 முதல் 75 கிலோ தேவை. மண்ணில் அவ்வளவு சத்து இல்லாவிட்டால் எந்த விதையும் மூன்று டன் தராது. பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி இறவைச் சாதா ரகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 54 கிலோ தழைச்சத்தும், 25 கிலோ மணிச்சத்தும், 20 கிலோ சாம்பல் சத்தும் இட வேண்டும். வீரிய ஒட்டுக்கு இவையே முறையே 100, 30, 30 கிலோ. தழைச்சத்தில் உள்ள வேறுபாடு மட்டுமே 46 கிலோ. அதாவது 100 கிலோ யூரியா. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி கூட்டியோ குறைத்தோ இடலாம்.

சாதா ரகத்துக்கு இடும் உரத்தையே வீரிய ஒட்டுக்கும் இட்டுவிட்டு, விதை மோசம் என்று குறைகூறுவது சரியல்ல. உரம் வாங்க வசதியில்லை என்று தெரிந்தும் விலை உயர்ந்த விதையை வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

செலவைத் தானியமாக மாற்றிப் பாருங்கள்

வீரிய ஒட்டுக்கு ஆகும் கூடுதல் செலவை ரூபாயில் பார்ப்பதோடு நிறுத்தாமல், அத்தனை ரூபாய்க்கு எத்தனை கிலோ தானியம் விற்க வேண்டும் என்று கணக்கிட்டால் உண்மை விளங்கும்.

எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு விதையில் கூடுதல் செலவு 2,500 ரூபாய், உரத்தில் 1,500 ரூபாய், அறுவடை ஆட்கூலியில் 1,000 ரூபாய் என்று கொள்ளலாம். ஆக மொத்தம் 5,000 ரூபாய். தானியம் கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் இது 250 கிலோவுக்குச் சமம். அதாவது வீரிய ஒட்டு, சாதா ரகத்தைவிட இரண்டரை மூட்டை கூடுதலாகத் தந்தால்தான் போட்ட பணமே திரும்பும். அதற்கு மேல் விளைவதே இலாபம்.

இறவையில் சாதா ரகம் 20 மூட்டையும் வீரிய ஒட்டு 28 மூட்டையும் தந்தால், 8 மூட்டையில் இரண்டரை போக ஐந்தரை மூட்டை இலாபம். அங்கே வீரிய ஒட்டுதான் சரி. மானாவாரியில் மழை தவறி, சாதா ரகம் ஏழரை மூட்டையும் வீரிய ஒட்டு 9 மூட்டையும் தந்தால், கூடுதல் விளைச்சல் ஒன்றரை மூட்டைதான். களத்தில் குவியல் பெரிதாக இருக்கும். கணக்கில் ஒரு மூட்டை நட்டமாக இருக்கும். இரண்டுமே கருகிப்போனால், அதிகம் செலவிட்டவருக்கே அதிக இழப்பு.

மேலே சொன்ன தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்கே. ஒவ்வொருவரும் தம் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் தட்டையின் மதிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டு விதையின் மறுவிதை கூடாது

இரண்டில் எதைப் போட்டாலும் தவறில்லை. மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் தவறு. வீரிய ஒட்டு வயலில் விளைந்த பருமனான கதிரைப் பார்த்து ஆசைப்பட்டு, அதையே விதைக்கு எடுத்து வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. அந்த விதை முளைக்கும். ஆனால் தாயைப் போல விளையாது.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒற்றை ஒட்டில், பெற்றோரைவிட எவ்வளவு கூடுதலாக விளைந்ததோ அதில் பாதி, அடுத்த தலைமுறையில் போய்விடும். பெற்றோர் வகைகள் ஏக்கருக்கு 10 மூட்டையும், அவற்றின் ஒட்டு 30 மூட்டையும் தருவதாகக் கொண்டால், கூடுதல் 20 மூட்டை. மறுவிதையில் அதில் 10 மூட்டை குறைந்து 20 மூட்டையே மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போயிற்று. பழைய இரட்டை ஒட்டுகளில் கூடுதலில் கால் பங்கு மட்டுமே குறைந்ததால் அந்நாளில் சிலர் மறுவிதை போட்டுச் சமாளித்தார்கள். இன்றைய ஒற்றை ஒட்டுகளில் அது நடவாது. வயலும் ஒரே சீராக இராது. குட்டையும் நெட்டையுமாக இருக்கும். விதை வாங்க வசதியில்லாதவர் ஒட்டின் மறுவிதையைப் போடுவதைவிட, நல்ல சாதா ரகத்தைப் போடுவதே மேல்.

ஒரு சென்ட் சோதனை

அடுத்தவர் வயலில் விளைந்தது தம் வயலிலும் விளையும் என்று சொல்ல முடியாது. மண் வேறு, நீர் வேறு, பராமரிப்பு வேறு. ஆகவே ஒரு பட்டத்தில் சிறு அளவில் ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்தது.

மண் ஒரே மாதிரி உள்ள இடத்தில் நான்கு பாத்திகள் எடுக்க வேண்டும். மரநிழலும் வரப்போரமும் வேண்டாம். இரண்டு பாத்திகளில் வீரிய ஒட்டு, இரண்டில் சாதா ரகம். இரண்டிலும் ஒரு பாத்திக்கு முழு உரம், மற்றதற்குப் பாதி உரம் இட வேண்டும். ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் களை எடுத்து, ஒரே அளவு நீர் பாய்ச்ச வேண்டும். பாத்திக்கு எட்டு வரிசை போதும். ஓரத்து வரிசைகளுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைப்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நடுவில் உள்ள நான்கு வரிசைகளில் 17 மீட்டர் நீளம் அளந்தால் ஏறத்தாழ ஒரு சென்ட் வரும். அதில் கிடைக்கும் எடையை 100ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல்.

அந்த ஒரு சென்ட்டில் 270 செடிகள் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றில் இவற்றைக் குறித்துவர வேண்டும்: முளைத்த செடிகள் எத்தனை, ஆண் பூ மலர்ந்த நாள், பட்டு இழை வந்த நாள், சாய்ந்த செடிகள், கதிர் இல்லாத செடிகள், அறுவடைக் கதிர்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு செலவும்.

அறுத்த கதிரை அப்படியே எடை போட்டு ஒப்பிடக் கூடாது. ஒன்றில் ஈரம் அதிகமாகவும் மற்றதில் சக்கை பருத்தும் இருக்கலாம். ஈரம் 25 சதம் உள்ள 100 கிலோ தானியம், 14 சதத்துக்குக் காய்ந்தால் 87 கிலோதான் இருக்கும். ஆகவே இரண்டையும் உதிர்த்து, ஒரே களத்தில் நன்றாகக் காயவைத்த பிறகு மணியை மட்டும் எடை போட வேண்டும்.

பாதி உரப் பாத்தியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பணம் முடைப்பட்ட ஆண்டில் என்ன விளையும் என்பதை அதுவே சொல்லும். இந்தச் சோதனைப் பாத்திகளில் மகரந்தம் கலந்திருக்கும் என்பதால் இவற்றிலிருந்து விதை எடுக்கக் கூடாது.

சாதா ரகத்தில் விதை எடுக்கும் முறை

சாதா ரகம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் விதை எடுக்கும் முறையே காரணம். பக்கத்தில் வேறு மக்காச்சோளம் இருந்தால் 200 மீட்டருக்கு மேல் தள்ளி விதைக்க வேண்டும். இயலாவிட்டால் மூன்று நான்கு வாரம் முன்பின்னாக விதைத்துப் பூக்கும் காலத்தைப் பிரிக்க வேண்டும்.

நோயுற்ற செடி, மெலிந்த செடி, குணம் மாறிய செடி ஆகியவற்றை மகரந்தம் உதிரும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். வயல் நடுவில், பக்கத்துச் செடிகளுக்கு இணையாகப் போட்டியிட்டு, சாயாமல் நிற்கும் செடிகளைப் பயிர் நிற்கும்போதே துணி கட்டி அடையாளம் செய்ய வேண்டும். களத்தில் குவித்த பின் பெரிய கதிராகப் பார்த்துப் பொறுக்குவது பயன் தராது. இடம் அதிகம் கிடைத்த செடியின் கதிரும் பெரிதாகத்தான் இருக்கும்.

பத்து இருபது நல்ல கதிர் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. சில கதிர்களிலிருந்தே விதை எடுத்துவந்தால் உறவுக்குள் கலந்து, இரண்டு மூன்று போகத்தில் வீரியம் குன்றும். 200 கதிர்களுக்குக் குறையாமல் எடுத்து, நுனியிலும் அடியிலும் உள்ள மணிகளை நீக்கி, நடுப்பகுதி மணிகளை மட்டும் ஒன்றாகக் கலக்க வேண்டும். ஈரம் 12 சதத்துக்கு மிகாமல் காயவைத்துச் சேமிக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ விதைப் பண்ணையிலிருந்தோ புது விதை வாங்கிக்கொள்வது நல்லது.

வீரிய ஒட்டு வாங்குவோர் பில்லையும், பையில் உள்ள சீட்டையும் அறுவடை முடியும் வரை பத்திரப்படுத்த வேண்டும். குவியல் எண், முளைப்புத் திறன், காலாவதி நாள் ஆகியவற்றைக் கடையிலேயே படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பிடி விதையையும் பையிலேயே விட்டுவைத்தால், முளைப்புக் குறைந்தால் முறையிடச் சான்றாக இருக்கும்.

நீர் உறுதியாக உள்ள, உரத்துக்குப் பணம் உள்ள நிலத்தில் வீரிய ஒட்டு போடலாம். மழையை மட்டும் நம்பிய, கைமுதல் குறைந்த நிலத்தில் சாதா ரகத்தையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு ஏக்கர் உள்ளவர், கிணறு எட்டும் ஏக்கரில் ஒன்றையும் எட்டாத ஏக்கரில் மற்றதையும் போடுவதில் தடையேதும் இல்லை. இந்தப் பட்டத்தில் சில சென்ட் நிலத்தைச் சோதனைக்கு ஒதுக்கி, நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த பட்டத்தில் விதைக் கடையில் யாரையும் கேட்க வேண்டியிராது.